தவளைக் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார்

தவளையைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறினேன். போய் இறங்கினால், ஒரு தெருவே கூடித் தவளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஜொகூரின் குளுவாங் பக்கம் எனக்கு ஒரு பண்ணை இருக்கிறது. லிம் என்ற சீன நண்பரும் நானும் கூட்டாக நடத்துகிறோம். அதில் வளர்வது தவளை. எங்கள் ஊரில் மண்சட்டியில் தளதளவென்று கொதிக்கும் தவளைக் கஞ்சிக்கு வரிசையில் நிற்பார்கள். அந்தக் கடைகளுக்கு எங்கள் சரக்கு போகிறது. என் மகள் மீனா படித்து சிங்கப்பூரில் வேலைக்குப் போனது அந்தத் தவளைகளின் புண்ணியத்தில்தான்.

அங்கே உடன் வேலை பார்க்கும் செந்திலைக் கட்டிக்கொள்ள அவளுக்கு ஆசை. பையன் தங்கமானவன். அவனுடைய பெற்றோர் சென்னை அபிராமபுரத்தில் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சைவக் குடும்பம், தி.நகரில் ஜவுளிக்கடை. முட்டை சேர்த்த கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பும் வீடு. அங்கே போய் சம்பந்தம் பேசி முடிக்க வேண்டியவன் நான். தவளைக்கு லீவு கிடையாது என்பதால் மனைவி பண்ணையில் தங்கிவிட்டாள். சிங்கப்பூர் விமான நிலையத்தில் மீனா என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, “பண்ணைன்னு சொல்லுங்கப்பா. அதோட நிறுத்திக்குங்க” என்றாள். சரி என்றேன்.

முதல் நாளே சென்னை என்னை ஒரு ஆட்டோவில் ஏற்றிப் பாதி வழியில் இறக்கிவிட்டது. லஸ் முனைக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றிருக்க, அதைச் சுற்றிப் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் சாலையையே அடைத்திருந்தன. ஆட்டோக்காரர் குமார் இன்ஜினை அணைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். கடலோரம் பிறந்தும் படகு ஏறினால் வாந்தி வரும் என்பதால் ஆட்டோவுக்கு வந்துவிட்டதாகத் தானே சொன்னார். எங்கள் ஊரில் மத்தியானம் ஆனால் மழை கொட்டும், துணி காயவில்லை என்று பெண்கள் திட்டுவார்கள் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பொறாமை இருந்தது. “அந்த மழையில ஒரு லாரி இங்க அனுப்பு நைனா” என்றார்.

செந்திலின் அம்மா சிவகாமி வாசலுக்கே வந்து, “வாங்கண்ணாச்சி” என்று கூப்பிட்டார். அந்த ‘அண்ணாச்சி’யிலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதி, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டபோது திரும்ப வந்தது. பண்ணை என்றேன். “பாமாயிலா?” என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டிக்கொண்டு, இலை போட உள்ளே போய்விட்டார். செந்திலின் அப்பா ஆறுமுகம் அமைதியான மனிதர். இஞ்சித் துவையலை என் பக்கம் தள்ளி வைத்தார். நான் பாமாயிலை மறுக்காமல் துவையலைத் தொட்டுக்கொண்டேன்.

அன்று எனக்காகச் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, எலுமிச்சை பிழிந்து, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குச் செய்வார்களாம். மாப்பிள்ளைக்குச் செய்வதைப் பெண்ணின் அப்பாவுக்குச் செய்தது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அந்தச் சொதிக்காக உடைத்த முதல் தேங்காய்க்குள் பருப்பே இல்லை. சிவகாமி அதை முற்றத்தில் போட்டுவிட்டு, “தேரை விழுந்திருக்கு” என்றார் சாதாரணமாக.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. தேரை என்பது தவளையின் சொரசொரத்த தாயாதி. அது எப்படித் தென்னை மரத்தில் ஏறி, மட்டையை உரித்து, ஓட்டைத் துளைத்து உள்ளே போகும்? ஏறவே வேண்டாமாம், மோந்தாலே போதுமாம். தேங்காய் மட்டுமில்லை, கைக்குழந்தை காரணமில்லாமல் இளைத்துப் போனாலும் தேரைமேல்தான் பழி. கல்லுக்குள் மூடிக் கிடக்கும் தேரைக்கும் கடவுள் படியளக்கிறார் என்று அதே வாயால் சொல்கிறார்கள். ஆண்டவன் சோறு போடும் பிராணியின் தலையில் அடுத்த வீட்டுத் தேங்காயைத் திருடிய குற்றத்தையும் கட்டிவிட்டார்களே என்று எனக்குத் தேரைமேல் பரிதாபமாக இருந்தது. தொழில்முறைப் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சிவகாமி விஷயத்துக்கு வந்தார். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் மழை வேண்டித் தவளைக்கும் தவளைக்கும் கல்யாணம் நடக்கப் போகிறது. மாப்பிள்ளை வீட்டார் இவர்கள். பெண் வீட்டாராக நிற்க வேண்டிய எதிர்வீட்டுக்காரர்கள் மகன் பிரசவம் பார்க்க அமெரிக்கா போய்விட்டார்கள். மகனுக்கு எப்படிப் பிரசவம் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. மருமகளுக்குத்தான் என்று ஆறுமுகம் திருத்தினார்.

“நீங்க நில்லுங்களேன். எப்படியும் பெண் வீட்டுக்காரர்தானே” என்றார் சிவகாமி.

மறுத்தால் சம்பந்தத்தையே மறுத்ததாக ஆகும். ஒப்புக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் தவலை அடை சாப்பிட்டேன். வெண்கலப் பாத்திரத்தில் சுடுவதால் அந்தப் பெயராம். முறுகலான ஓரத்தை வெண்ணெயில் தொட்டுத் தின்றபோது, எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் தவளையையும் ‘தவலை’ என்றே எழுதியிருப்பது நினைவுக்கு வந்து நானாகச் சிரித்துக்கொண்டேன். பரிமாறியவர் இன்னொன்று வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஆறுமுகத்தின் கடை. தி.நகர்க் கூட்டத்தில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நம்மைக் கடைக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கீழே பருத்தி, மேலே பட்டு. கல்லாவில் உட்கார்ந்தபடி அவர் தெருச் சங்கத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டார். ஒருவருக்கு நாகஸ்வரம் வேண்டும், ஒருவருக்கு வேண்டாம். ஒருவர் புளியோதரை என்றால் மற்றவர் சர்க்கரைப் பொங்கல். “இவங்கள ஒண்ணு சேக்கறது தவளையைத் தராசுல நிறுக்கிற கதைதான்” என்றார். ஒன்றை வைத்தால் ஒன்று குதித்துவிடும் என்று பொருள். அப்படி ஒன்றும் கஷ்டமில்லை, வலைப்பையில் போட்டுக் கொக்கியில் மாட்டினால் அசையாது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தினமும் காலையில் நான் செய்கிற வேலை. காபியைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன்.

அன்று முழுவதும் ஒரு விளையாட்டுப் போலக் காதைத் தீட்டி வைத்திருந்தேன். தொலைக்காட்சியில் ஒருவர் விலைவாசி தவளைப் பாய்ச்சலில் போவதாகச் சொன்னார். கடை வாசலில் ஒருவர் தன் மைத்துனனைக் கிணற்றுத் தவளை என்று போனில் திட்டினார். எங்கள் ஊர் மலாய்க்காரர்கள் தங்கள் பழமொழியில் அதே தவளையைத் தேங்காய்ச் சிரட்டைக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கிணறாவது கொஞ்சம் வானம் காட்டும். பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா தன் மகளுக்கு, பாம்பின் முதுகில் சவாரி போக ஆசைப்பட்ட தவளை ராஜாவின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ராஜா தன் குடிமக்களை ஒவ்வொன்றாகப் பாம்புக்குத் தீனி போட்டுக் கடைசியில் தானும் உள்ளே போய்விடுகிறார். கதைகளில் தவளை எப்போதும் முட்டாள், வாயாடி, பேராசைக்காரன். மழை வேண்டும் என்றால் மட்டும் அது மாப்பிள்ளை. நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அது ஈயைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் குமாரோடு தவளை பிடிக்கப் போனேன். கிணறுகளை மூடிவிட்டார்கள், குளம் வற்றிவிட்டது, அபிராமபுரத்தில் தவளைக்கு எங்கே போவது? அடையாற்றங்கரையில் தனக்கு ஓர் இடம் தெரியும் என்றார் அவர். வழியில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி நின்றது, தள்ளினோம். “இன்னா சார், தவள புடிக்கவா அம்மாந்தூரத்துலேர்ந்து வந்துகீற?” என்று கேட்டுச் சிரித்தார். தவளை வீட்டுக்குள் வந்தால் தன் அம்மா விரட்ட விடமாட்டார், காசு வரும் என்று நம்புவார் என்றும் சொன்னார். அந்த நம்பிக்கை என் விஷயத்தில் முழுக்க உண்மை என்று சொல்லத் துடித்தேன்.

நாணல் வேரடியில் ஈரம் இருந்தது. குமார் கையைக் குவித்துக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வெறும் சேற்றைப் பிடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கி, பின்னால் இருந்து இடுப்போடு சேர்த்து அமுக்கி, பெயிண்ட் வாளி ஒன்றில் நான்கைப் போட்டேன். குமார் ஆட்டோவில் திரும்பும்போது கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் கோயிலில் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். குருக்கள் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கவலையோடு நிமிர்ந்தார். “போன வருஷமும் நான்தான் பண்ணி வச்சேன். ஒரு பொட்டு மழை இல்லை. ரெண்டும் ஆம்பளையா இருந்துடுத்துன்னு இன்னிக்கும் சொல்லிண்டிருக்கா. இந்தத் தடவை பாத்துண்டு பண்ணணும்.”

பார்ப்பது யார்? பெரியதுதான் ஆண் என்றார் ஒருவர். பச்சையாக இருப்பது பெண் என்றார் இன்னொருவர். ஓர் அம்மா பூவா தலையா போடலாம் என்றார். கடைசியில் ஒரு பெரிய தவளையையும் ஒரு சின்னத் தவளையையும் எடுத்து வைத்தார்கள். இரண்டும் ஆண். ஒரு தெருவே சேர்ந்து போன வருஷத் தப்பை மறுபடி செய்யப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. முன்னால் போய், அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, வாளியில் இருந்து ஒன்றைத் தூக்கினேன். தொண்டையில் இரண்டு பக்கமும் கறுத்துச் சுருங்கிய தோலைக் காட்டினேன். ஆண் அதை ஊதித்தான் கத்தும். அக்குளில் விரலால் அழுத்தினேன், விடச் சொல்லிக் குரல் கொடுத்தது. மற்றதைத் தூக்கினேன். தொண்டை வெளுப்பு, வயிறு பருமன், அழுத்தினாலும் சத்தமில்லை. “இது மாப்பிள்ளை, இது பொண்ணு” என்றேன்.

குருக்களுக்கு நிம்மதி. தெருக்காரர்களுக்கு ஆச்சரியம். சிவகாமி மட்டும் என் கையையே பார்த்தார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?”

பள்ளிக்கூடத்தில் படித்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யை நான் இங்கே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவேன். காலமெல்லாம் இந்த வீட்டில் அதைச் சுமக்கப் போவது மீனா. அந்த யோசனை வந்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“எங்க பண்ணை பாமாயில் இல்லம்மா. தவளைப் பண்ணை. கடைக்குப் போகுது.”

“கடைக்குன்னா?”

“சாப்பிடறதுக்கு.”

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். ஆறுமுகம் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார்.

மீனாவுக்குப் போன் செய்து சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். “ஏம்ப்பா?” என்று மட்டும் கேட்டாள். போனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன திருடினேனா? உழைத்துச் சாப்பிடுகிறேன், மகளை ஆளாக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தபோது செந்தில் அந்தக் கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றான், நின்று என்ன செய்தான் என்று இவர்களுக்குத் தெரியுமா? அதை நான் சாகும்வரை சொல்ல மாட்டேன், அது வேறு விஷயம். கோபம் தணிந்ததும் பயம் வந்தது. என் வாயால் என் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்ற பயம்.

நான்காம் நாள், அவர்கள் எனக்கு ஒதுக்கியிருந்த மாடியறையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆறுமுகம் மாடியேறி வந்தார். குளித்துவிட்டுக் கோயிலுக்கு வரச் சொன்னாராம் சிவகாமி. அதற்குமேல் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

கல்யாணம் என்றால் நிஜக் கல்யாணம்தான். வாழைமரம், மாவிலை, புளியோதரையும் உண்டு சர்க்கரைப் பொங்கலும் உண்டு. நாகஸ்வரம் ஒருவருடைய கைபேசியில் இருந்து வந்தது. மாப்பிள்ளைக்கு வெள்ளைத் துணியில் வேட்டி, பெண்ணுக்கு மஞ்சள் துணியில் சேலை, இரண்டுக்கும் ஒற்றைச்சரம் மல்லிகை. மாப்பிள்ளை பாதி மந்திரத்தில் தாம்பாளத்தைவிட்டுத் தாவி ஒரு குழந்தையின் மடியில் விழுந்தது. எட்டிப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தேன். கூட்டம் சிரித்தது, நான் சிரிக்கவில்லை. எதிரே சிவகாமி நல்ல பட்டுடுத்தி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தாரை வார்க்கும் நேரம் வந்தது. குருக்கள் பெண் தவளையை என் உள்ளங்கையில் வைத்தார். சிவகாமி செம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். தண்ணீரை ஊற்றுவதற்கு முன், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“எத்தனையோ தவளையைக் கொன்ன கை. ஒண்ணையாவது கட்டிக்குடுங்க.”

தண்ணீர் விரல்களில் வழிந்தது. தவளை ஆடாமல் உட்கார்ந்து தொண்டையை அசைத்துக்கொண்டிருந்தது. எத்தனை முறை கையில் எடுத்திருக்கிறேன், எடை பார்க்காமல் ஒன்றை வைத்திருந்தது அன்றுதான். இதே மாதிரி மீனாவின் கையைப் பிடித்துக் கொடுக்கும் நாள் வருமா, இந்த வீட்டில் வருமா என்று நினைத்தேன். குருக்கள் கெட்டிமேளம் என்றார். கைபேசிக்காரர் வேறு பாட்டைத் தட்டிவிட்டார். தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு. முடிந்ததும் கயிற்றையும் துணியையும் அவிழ்த்து, குமார் இருவரையும் அதே நாணலடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

மழை வந்ததா என்று கேட்பீர்கள். நான் இருந்தவரை வரவில்லை. லாரிதான் வந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் எனக்கு விமானம். சம்பந்தத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானாக எடுக்கத் தைரியம் இல்லை. போகிற வழியில் கடைக்கு வரச் சொன்னார் சிவகாமி. கையில் ஏதாவது கொடுத்து மரியாதையாக அனுப்பிவைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மீனாவிடம் என்ன சொல்வது என்று ஆட்டோவில் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. குமார் பாவம் பார்த்து எங்கேயும் பள்ளத்தில் விடாமல் ஓட்டினார்.

மேலே பட்டுப் பிரிவில் சிவகாமி தனியாக இருந்தார். விற்பனைப் பெண்களை டீ குடிக்க அனுப்பிவிட்டாராம். அரக்கு நிறத்தில் ஒரு சேலையை விரிப்பில் உதறிப் போட்டார். ஜரிகை விளக்கொளியில் மின்னியது.

“ஒரு சேலைக்கு எத்தனை பட்டுப்புழுன்னு தெரியுமா அண்ணாச்சி?”

தெரியாது என்றேன்.

“எனக்கும் தெரியாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தக் கடையில இருக்கேன், ஒரு நாளும் கேட்டதில்ல. கூட்டோட கொதிக்கிற தண்ணியில போடுவாங்க, அது மட்டும் தெரியும். முட்டை சேத்த கேக்க வாசல்லேயே நிறுத்துதேன். பட்டக் கட்டிக்கிட்டு நேத்து சாமி முன்னால உக்காந்திருந்தேன். உங்களச் சொல்லிட்டுக் குனிஞ்சு பாத்தா, அதே பாவம் என் மடியில கெடக்கு.”

அவர் சேலையை மடிப்புக் கலையாமல் மடித்தார். முனையில் மஞ்சள் தடவினார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, மேலே சேலையை வைத்து, என் பக்கம் நீட்டினார்.

“இதுல எத்தனை உசிருன்னு நீங்க கேக்காதீங்க. அங்க எத்தனைன்னு நானும் கேக்கல. மீனாவுக்கு இந்த நிறம் எடுக்கும். வாங்கிக்கிடுங்க, சம்பந்தி.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.